மேல்மலையில் அடிக்கும் மருந்தும் கீழ்மலைத் தேனீயும்

கொடைக்கானலைச் சுற்றியுள்ள பழனி மலையில் தேனீ குறைந்துவிட்டது என்று பேச்சு வந்தால் இரண்டு பதில்கள் எதிரெதிராக நிற்கும். தேன்பெட்டி வைத்திருப்பவர்கள் தோட்டத்தில் அடிக்கும் மருந்துதான் காரணம் என்கிறார்கள். தோட்டக்காரர்களோ, மருந்து அடித்த இடத்தில் செத்த தேனீ ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை என்கிறார்கள். இரு தரப்பும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள, தேனீயின் உடலில் மருந்து என்ன செய்கிறது என்பதிலிருந்தும், மலையில் எந்தப் பயிர் எங்கே விளைகிறது என்பதிலிருந்தும் தொடங்க வேண்டும்.

எந்தத் தேனீயைப் பற்றிப் பேசுகிறோம்?

மலையில் முக்கியமாக இரண்டு இனங்கள். முதலாவது மலைத்தேனீ. பாறை விளிம்பிலும் உயரமான மரக்கிளையிலும் ஒற்றை அடையாகத் திறந்தவெளியில் கூடு கட்டும். ஒரு கூட்டில் பல்லாயிரம் தேனீக்கள் இருக்கும். பழனி மலையில் பளியர்களும், நீலகிரியில் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் மக்களும் தலைமுறை தலைமுறையாக எடுத்துவரும் பாறைத்தேன் இதனுடையதுதான். இந்தத் தேனீ ஒரே இடத்தில் நிலைத்திருக்காது. பூ பூக்கும் பக்கம் பார்த்து, பருவத்துக்குப் பருவம் கூட்டத்தோடு இடம் மாறும்.

இரண்டாவது அடுக்குத்தேனீ. மரப்பொந்து, பாறை இடுக்கு, பழைய சுவர் என்று இருட்டான இடத்தில் பல அடைகளை வரிசையாகக் கட்டும். பெட்டியில் வளர்ப்பது இதைத்தான். 1910களில் திருச்சியிலிருந்து பாதிரியார் நியூட்டன் இதன் அளவுக்கென்றே உருவாக்கிய சிறிய பெட்டி இன்றும் நியூட்டன் பெட்டி என்ற பெயரிலேயே புழங்குகிறது. அடிவாரப் பக்கம் போனால் கொம்புத்தேனீயும் கொசுத்தேனீயும் உண்டு.

இங்கே ஒன்றை முன்னாடியே சொல்லிவிட வேண்டும். மருந்து பற்றிய ஆய்வக எண்களில் பெரும்பாலானவை இத்தாலியத் தேனீயை வைத்து எடுத்தவை. நம் அடுக்குத்தேனீ அதைவிட உடலில் சிறியது. அதனால் கீழே வரும் எண்களை அளவு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்வதற்காக மட்டும் படிக்க வேண்டும்.

மருந்து தேனீக்குள் போகும் வழிகள்

தெளிப்பு நேராக மேலே பட்டால் தேனீ சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். உண்மையில் அது பல வழிகளில் ஒன்றுதான்.

1. நேரடித் தொடுதல். தெளிக்கும்போது பறந்துகொண்டிருப்பது, அல்லது ஈரம் காயாத இலையிலும் பூவிலும் உட்காருவது. பைரித்ராய்டு வகை மருந்துகளும் பழைய பாஸ்பரஸ் வகை மருந்துகளும் இப்படித்தான் அதிகம் கொல்கின்றன.

2. பூந்தேனும் மகரந்தமும். ஊடுருவிப் பாயும் மருந்துகள் வேரிலோ இலையிலோ உறிஞ்சப்பட்டுச் செடி முழுக்கப் பரவும். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் போன்ற நியோனிகோட்டினாய்டு (சுருக்கமாக நியோனிக்) மருந்துகள் இந்த வகை. பூக்கும் முன்பே அடித்திருந்தாலும் பிறகு வரும் பூவில் சிறிதளவு இருக்கும். மகரந்தத்தைத் தூள் மருந்தோடு சேர்த்துக் கூட்டுக்குக் கொண்டுபோனால், வெளியே போகாத புழுக்களும் அதைச் சாப்பிடும்.

3. தண்ணீர். தேனீக்குத் தண்ணீர் வேண்டும். வரப்பு ஓரத்துக் குட்டை, சொட்டு நீர்க் குழாயின் கசிவு, மருந்து டேங்க் கழுவிய இடத்தில் தேங்கிய நீர், காலையில் இலை நுனியில் நிற்கும் துளி என்று எதையும் அது விடாது. மலைத்தோட்டங்களில் இந்த வழியைத்தான் மிகக் குறைவாகக் கவனிக்கிறோம் என்பது என் கருத்து.

4. களைப்பூ. பயிரில் பூ இல்லாவிட்டாலும் ஓரத்தில் பூத்திருக்கும் களைகள் தேனீயை இழுக்கும். பயிருக்கு அடிக்கும் மருந்து அங்கேயும் படியும். களைக்கொல்லி அடித்தால் அந்தப் பூவும் இல்லாமல் போகும்.

எவ்வளவு மருந்து போதும்?

நஞ்சின் வீரியத்தை அளக்க எல்.டி.50 என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். கொடுத்த உயிர்களில் பாதி சாகும் அளவு என்று பொருள். தேனீயின் விஷயத்தில் அமெரிக்காவில் பின்பற்றும் பாகுபாடு இது: ஒரு தேனீக்கு 2 மைக்ரோகிராமுக்குக் (ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குறைவாகவே போதும் என்றால் அது கடும் நஞ்சு. 2 முதல் 11 வரை நடுத்தரம். அதற்கு மேல் என்றால் ஏறத்தாழ நஞ்சில்லை.

இமிடாகுளோபிரிட் உணவு வழியாகப் போகும்போது அந்த அளவு சுமார் 0.0037 மைக்ரோகிராம். அதாவது ஒரே ஒரு கிராம் மருந்தில் ஏறத்தாழ 27 கோடி தேனீக்களுக்கான அளவு இருக்கிறது. கடையில் கிடைக்கும் 17.8 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிக்கு சுமார் 0.2 கிராம் மருந்து உண்டு. அதுவே 5 கோடிக்கு மேல். ஒரு மில்லி அடித்தால் 5 கோடி தேனீ சாகும் என்று இதற்கு அர்த்தமில்லை. மருந்தில் மிகப் பெரும்பகுதி இலைக்கும் மண்ணுக்கும்தான் போகும். ஆனால் பூவில் வந்து சேரும் மிகச் சிறிய பங்கும் ஏன் பொருட்படுத்த வேண்டியது என்று இந்தக் கணக்கு காட்டுகிறது.

அதே குடும்பத்தில் அசிட்டாமிப்ரிட் என்ற மருந்துக்கு இதே அளவு 14 மைக்ரோகிராமுக்கு மேல். ஒரே வகை மருந்துகளுக்குள் ஏறத்தாழ 4000 மடங்கு வித்தியாசம்! எல்லா மருந்தும் ஒன்றுதான் என்று சொல்வதும், எல்லா நியோனிக்கும் ஒன்றுதான் என்று சொல்வதும் தவறு.

சரி, டப்பாவில் இருக்கும் வண்ண முக்கோணத்தைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ளலாமா? முடியாது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த நான்கு நிறமும் எலி போன்ற பாலூட்டிகளை வைத்துப் பிரித்தவை. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை என்றால் சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. அடிப்பவரின் உயிரைக் காக்க வந்த ஏற்பாடு அது. அந்த வேலைக்கு அது தேவையும்கூட. ஆனால் தயாமீத்தாக்சாமை எடுத்துக்கொள்ளுங்கள். எலிக்கு அதன் அளவு கிலோவுக்கு 1500 மில்லிகிராமைத் தாண்டும் என்பதால் நீலக் கணக்கில் வரும். தேனீக்கோ 0.005 மைக்ரோகிராம் போதும். நீலம்தானே, வீரியம் குறைவுதானே என்று நம்பி, பூ நேரத்தில் அடிப்பவரைக் குறை சொல்ல முடியாது. முகப்பில் கண்ணில் படும்படி தேனீக்கென்று தனி அடையாளம் போடாதவர்கள்தான் பொறுப்பு.

இயற்கை மருந்து என்றாலே தேனீக்கு நல்லது என்பதும் சரியில்லை. மண்ணில் வாழும் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் ஸ்பினோசாட், ஈரம் காயும் வரை தேனீக்குக் கடும் நஞ்சு. காய்ந்த பிறகு ஆபத்து வெகுவாகக் குறையும். புழுக்களைக் கொல்லும் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியா மருந்தோ தேனீயை ஒன்றும் செய்வதில்லை.

செத்த தேனீ ஏன் கண்ணில் படுவதில்லை?

தோட்டக்காரரின் கேள்விக்கு வருவோம். பைரித்ராய்டு போன்ற வேகமான மருந்து பூவில் நேராகப் பட்டால், பெட்டி வாசலில் செத்த தேனீ குவியும். யாராலும் மறுக்க முடியாது. ஆனால் ஊடுருவும் மருந்தின் குறைந்த அளவு அப்படி வேலை செய்வதில்லை. அது நரம்பைத் தாக்கும். தேனீ உடனே சாகாது, வழியை மறக்கும்.

2012இல் பிரான்ஸில் நடந்த ஓர் ஆய்வில், தேனீக்களின் முதுகில் மிகச் சிறிய மின்னணு அடையாளத்தை ஒட்டினார்கள். கொல்லாத அளவு தயாமீத்தாக்சாம் கலந்த சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துக் கூட்டிலிருந்து தூரத்தில் விட்டார்கள். மருந்து குடிக்காத தேனீக்களைவிடக் குடித்தவை அதிக எண்ணிக்கையில் வீடு திரும்பவில்லை. 2015இல் கல்கத்தா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நம் அடுக்குத்தேனீயையே எடுத்துப் பார்த்தார்கள். மருந்து அதிகம் அடிக்கும் விவசாயப் பகுதியில் பிடித்த தேனீக்களின் வாசனை அறியும் திறன் குறைந்திருந்தது. உணர்கொம்பில் வாசனையைப் பிடிக்கும் நுண்மயிர்களிலும் மாற்றம் இருந்தது. பூவைத் தேடுவது முதல் கூட்டுக்குள் ராணி இருப்பதை உணர்வது வரை எல்லாமே வாசனையில்தான் நடக்கிறது என்பதை நினைத்தால், இது சின்னக் குறை இல்லை.

தேனீ தானே விலகிக்கொள்ளாதா என்று கேட்கலாம். அதே 2015இல் வெளியான இன்னொரு ஆய்வு அந்த நம்பிக்கையையும் கலைத்தது. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் கலந்த சர்க்கரைத் தண்ணீரைத் தேனீயால் சுவையில் பிரித்தறிய முடியவில்லை. கலக்காததைவிட அதையே கூடுதலாகக் குடித்தன.

இதன் விளைவு கூட்டுக்குள் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். பூக்காலத்தில் வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஏறத்தாழ ஆறு வாரம். முதல் பாதியில் அது கூட்டுக்குள் புழுவுக்கு ஊட்டும், அடை கட்டும். பின் பாதியில்தான் வெளியே பறக்கும். வெளியே போனவை திரும்பாவிட்டால், அந்த இடத்தை நிரப்ப இளம் தேனீக்கள் வயதுக்கு முன்பே வெளியே கிளம்பும். அவற்றுக்கு வழியும் சரியாகத் தெரியாது, சீக்கிரமே சாகும். உள்ளே புழுவுக்கு ஊட்ட ஆள் குறையும். அடுத்த தலைமுறை சிறுக்கும். ராணி உயிரோடு இருக்கும், அடையில் தேன்கூட இருக்கும், ஆனால் ஆள் இருக்காது. வெளியே விழுந்து செத்தவற்றை எறும்பும் பறவையும் கொண்டுபோய்விடும்.

அப்புறம் அடுக்குத்தேனீக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தொந்தரவு தாங்காவிட்டால் மொத்தக் கூட்டமும் பெட்டியை விட்டு ஓடிவிடும். தேனீ வளர்ப்பவர் காலையில் வந்து பார்த்தால் வெறும் அடைதான் இருக்கும். கொலைக்கான தடயம் எதுவும் இல்லை. மலைத்தேனீயோ பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவதால், அடுத்த வருடம் பாறையில் கூடு குறைந்தால் அது வேறு பக்கம் போயிருக்கும் என்று விட்டுவிடுவோம். இரண்டு தரப்பும் பார்த்தது உண்மை என்று சொன்னது இதனால்தான்.

இரண்டு மருந்தை ஒரே டேங்கில் கலந்தால்

கூலியாள் கிடைப்பது கஷ்டம். சரிவில் டேங்கைச் சுமந்து ஏறுவது அதைவிடக் கஷ்டம். அதனால் பூச்சிக்கு ஒன்று, பூஞ்சாணத்துக்கு ஒன்று என்று இரண்டையும் சேர்த்தே கலந்து அடிப்பது மலையில் சாதாரணம். தேனீக்கு இதில்தான் பெரிய ஆபத்து என்று நான் நினைக்கிறேன்.

உடலுக்குள் வந்த நஞ்சை உடைத்து வெளியேற்றத் தேனீயிடம் சில நொதிகள் இருக்கின்றன. புரோபிகோனசோல் போன்ற சில பூஞ்சாணக்கொல்லிகள் அந்த நொதிகளைச் செயலிழக்கச் செய்கின்றன. பூஞ்சாணக்கொல்லியைத் தனியாகக் கொடுத்தால் தேனீ சாகாது. ஆனால் 2004இல் வெளியான ஆய்வக முடிவுகளில், புரோபிகோனசோலோடு சேர்ந்தபோது அசிட்டாமிப்ரிட்டின் நஞ்சு 105 மடங்கும், தயாகுளோபிரிட்டின் நஞ்சு 559 மடங்கும் கூடியது. அசிட்டாமிப்ரிட் தேனீக்கு நஞ்சு குறைந்தது என்று மேலே பார்த்தோம்; தயாகுளோபிரிட்டும் அதே நியோனிக் குடும்பத்தில் அதே ரகம்தான். இமிடாகுளோபிரிட்டில் அப்படிப் பெரிய ஏற்றம் இல்லை. அது ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறது.

நீலகிரித் தேயிலையில் இந்தச் சேர்க்கைக்கு வாய்ப்பு உண்டு. கொப்புள நோய்க்குப் புரோபிகோனசோலும் ஹெக்சகோனசோலும், தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்குத் தயாகுளோபிரிட்டும் தயாமீத்தாக்சாமும் பயன்பாட்டில் உள்ளவை. கொழுந்து பறித்துக்கொண்டே இருக்கும் தேயிலை அதிகம் பூக்காது என்பது உண்மை. ஆனால் பராமரிப்பு விட்டுப்போன பாத்திகள் பூக்கும். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் பூத்தால் தேனீ மொய்க்கும். தேயிலைக்கு அடித்தது அங்கே போகாமல் இருக்காது.

மேல்மலைக் கணக்கு வேறு, கீழ்மலைக் கணக்கு வேறு

பழனி மலையைப் பொறுத்தவரை விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது.

பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கிளாவரை என்று மேல்மலைப் பக்கம் விளைவது பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், பீட்ரூட். இவை வேர், கிழங்கு, இலை. பூத்துக் காய்க்கும் முன்பே அறுவடை முடிந்துவிடும். உருளை பூத்தாலும் அதில் பூந்தேன் இல்லை. தேனீ அதிகம் வராது. ஆகவே மேல்மலை விவசாயியின் விளைச்சலுக்குத் தேனீ தேவையே இல்லை. குளிரும் மூடுபனியும் கருகல் நோயைக் கொண்டுவரும். கோஸில் வைரமுதுகுப் பூச்சி விழும். பூண்டில் இலைப்பேன் ஏறும். மருந்து அடிக்காமல் இருக்க அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. கடனுக்கு வாங்கிய விதைப்பூண்டு நிலத்தில் கிடக்கும்போது யாரும் அவரிடம் தேனீயைப் பற்றிப் பேசவும் முடியாது.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று கீழ்மலைக்கு இறங்கினால் கணக்கு தலைகீழ். சௌசௌ கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பூச்சி வந்தால்தான் காய். பட்டர் ஃப்ரூட் மரத்தில் ஒரே பூ ஒருமுறை பெண்ணாகவும் மறுமுறை ஆணாகவும் திறக்கும்; இடையில் மகரந்தத்தைச் சுமக்க ஆள் வேண்டும். ஏலக்காயில் பூ ஒரு நாள் நிற்பதே அதிகம். அதற்குள் தேனீ வர வேண்டும். அராபிகா காபி தானே காய்க்கக்கூடியது. இருந்தாலும் தேனீ வந்தால் காய்ப்பிடிப்பு கூடுகிறது. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் உள்ள ரொபஸ்டா காபிக்குத் தன் மகரந்தம் ஒத்துவராது. வேறு செடியின் மகரந்தம் வந்தே ஆக வேண்டும்.

இழப்பு வருவது ஒருவருக்கு, மருந்து அடிப்பது இன்னொருவர். சில இடங்களில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துத் தோட்டம்: காபிக்கு அடுத்த வரப்பில் பீன்ஸ். பீன்ஸுக்கு வாரம் தவறாமல் மருந்து விழும். காபி பூத்த நாளும் அந்த வாரத்துக்குள் வந்துவிட்டால் நஷ்டம் காபிக்காரருக்கு. அதுவும் நஷ்டமென்று தெரியாத நஷ்டம். காய் குறைந்தால் மழை சரியில்லை என்றுதான் அவர் நினைப்பார். இடம் மாறும் மலைத்தேனீக்கு மேல்மலை கீழ்மலை என்ற எல்லை கிடையாது. அது போகும் வழியில் உள்ள எல்லாத் தோட்டத்தின் மருந்தும் அதன் கணக்கில்தான் சேரும்.

மருந்து மட்டும்தான் காரணமா?

இல்லை. 1991–92இல் தாய்லாந்து சாக்புரூட் என்ற, புழுவைத் தாக்கும் வைரஸ் தென்னிந்தியாவில் அடுக்குத்தேனீக் கூடுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அழித்தது. அதை மருந்தின் தலையில் கட்ட முடியாது. சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில் அகேசியா வகை வாட்டிலும் பைனும் வந்ததால் பூ குறைந்ததும் காரணம். (யூகலிப்டஸையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பது வழக்கம், ஆனால் அதன் பூவில் தேனீ நன்றாகவே மேயும்.) 2018இல் பூத்த நீலக்குறிஞ்சி இனி 2030இல்தான், அதை நம்பி ஒரு கூடும் பன்னிரண்டு வருடம் காத்திருக்க முடியாது. உணவு போதாத தேனீயை மருந்து எளிதாகச் சாய்க்கும் என்பதால் இவை எல்லாம் தனித்தனிக் காரணங்களாக நிற்பதில்லை.

பெட்டி பாழானால் காரணத்தை ஓரளவு பிரித்தறியலாம்.

1. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர் கோத்த பைபோல ஊதிச் செத்திருந்தால் வைரஸ்.
2. அடை முழுக்க நூலாம்படைச் சுரங்கம் ஓடியிருந்தால் மெழுகுப்பூச்சி. பெரும்பாலும் இது பலவீனமான கூட்டில் பின்னால் வந்து சேருவது. முதல் காரணம் வேறாக இருக்கும்.
3. பக்கத்தில் மருந்து அடித்த ஓரிரு நாளில், வளர்ந்த தேனீக்கள் வாசலில் நடுங்கிச் சுற்றி, நாக்கை நீட்டியபடி செத்துக் கிடந்தால் மருந்து.
4. புழு நன்றாக இருந்து, பறக்கும் தேனீ மட்டும் நாளுக்கு நாள் குறைந்தால் மருந்தைச் சந்தேகிக்கலாம். பூப்பஞ்சமும் இப்படித்தான் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது.

தேன் சாப்பிடுபவர்களுக்கு எழும் கேள்வி ஒன்று உண்டு. 2017இல் உலகம் முழுவதிலிருந்தும் எடுத்த 198 தேன் மாதிரிகளில் 75 சதவீதத்தில் குறைந்தது ஒரு நியோனிக் இருந்தது. பெரும்பாலானவற்றில் அளவு மனிதர்களுக்கு வைத்திருக்கும் வரம்புக்குக் கீழேதான். பயம் நமக்கல்ல, தேனீக்குத்தான்.

என்ன செய்ய முடியும்?

ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம், குளோத்தியானிடின் மூன்றையும் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. இந்தியா அதே ஆண்டு 18 மருந்துகளைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. போரேட், டைகுளோர்வாஸ் போன்றவை அதில் இருந்தன. இந்த மூன்றும் இல்லை. தடைக்காகக் காத்திருக்காமல் தோட்ட மட்டத்தில் செய்யக்கூடியவை உண்டு.

1. பூ இருக்கும்போது பூச்சிமருந்து வேண்டாம். இது ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பிளம்ஸும் பேரியும் பூப்பது தை, மாசியில். காபி பூப்பது கோடை மழை விழுந்த சில நாட்களில். காபிப் பூ சில நாட்கள்தான் நிற்கும். அந்தச் சில நாட்கள் பக்கத்துப் பீன்ஸ்காரரும் டேங்கை இறக்கி வைத்தால் போதும். அதற்கு வேண்டியது பணமல்ல, முன்கூட்டியே ஒரு போன்.

2. ஓரத்துக் களை பூத்திருந்தால், மருந்துக்கு முந்தின நாளே அரிவாளால் அறுத்துவிடலாம்.

3. பூச்சிக்கொல்லியையும் பூஞ்சாணக்கொல்லியையும் ஒரே டேங்கில் கலக்க வேண்டாம். கூலி கூடும் என்பது தெரியும். பூக்காலத்தில் மட்டுமாவது பிரித்து அடிக்கலாம்.

4. கோஸ் புழுவுக்குப் பி.டி., அல்லது தேனீக்கு நஞ்சு குறைந்த குளோரான்ட்ரானிலிப்ரோல் போன்றவற்றைக் கேட்டு வாங்கலாம். முக்கோணத்தின் நிறத்தைப் பார்க்காமல் மருந்தின் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும்.

5. டேங்க் கழுவிய தண்ணீரை ஓடையோரம் ஊற்றாமல், பூ இல்லாத காலி மண்ணில் ஊற்ற வேண்டும். பெட்டி வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே கூழாங்கல் போட்ட தட்டில் நல்ல தண்ணீர் வைத்தால், தேனீ வாய்க்காலைத் தேடிப் போவது குறையும்.

6. தேனீ கூடு திரும்பிய பிறகு, சாயங்காலம் அடிப்பது நல்லது. ஆனால் மலையில் இதற்கு இரண்டு திருத்தங்கள் தேவை. பகலில் சரிவில் மேலேறும் காற்று, பொழுது சாய்ந்ததும் கீழ்நோக்கி இறங்கும். நுண்ணிய திவலைகள் அதோடு கீழ்த்தோட்டத்துக்கு வரும். அதனால் பெரிய துளி விழும் முனையைப் பயன்படுத்தி, செடிக்கு நெருக்கமாக அடிக்க வேண்டும். இரண்டாவது, மலைத்தேனீ நிலா வெளிச்சத்திலும் மேயும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சாயங்காலம் அடித்த ஈர மருந்து அன்றிரவே அதன் காலில் ஒட்டும். அந்த நாட்களைத் தவிர்த்து அடிக்க வேண்டும்.

பெட்டித் தேனீயை மருந்து நாளில் ஈரச் சாக்கு போர்த்தி ஓரிரவு அடைத்து வைக்கலாம். பாறையில் இருக்கும் கூட்டை யாராலும் அடைத்து வைக்க முடியாது. ஆகவே மலைத்தேனீக்கான முன்னெச்சரிக்கை முழுவதும் மருந்து அடிப்பவர் கையில்தான் இருக்கிறது. எந்த மருந்து, எந்த நாள், எந்தப் பூ என்ற மூன்றையும் ஊர் அளவில் பேசி முடிவு செய்ய, கீழ்மலையில் காபிக்காரர்களும் பீன்ஸ்காரர்களும் ஒரே கூட்டத்தில் உட்கார வேண்டும். தோட்டக்கலைத் துறை இதைத் தொடங்கிவைக்கலாம். முதல் கோடை மழைக்கு முன், மாசி மாதத்திலேயே அந்தக் கூட்டம் நடந்தால்தான் பயன்.